மாடிக்கு ஏறாத வைஃபையும் அலமாரியில் கிடக்கும் பழைய ரூட்டரும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல். கீழே ஹாலில் வைஃபை பறக்கிறது, மாடிக்குப் போனால் ஒரு கோடு தெரிகிறது, அதுவும் கதவைச் சாத்தினால் போய்விடுகிறது. வீட்டில் ஒரு பழைய ரூட்டர் சும்மா கிடக்கிறதே, அதை ஏதாவது செய்யலாமா என்று கேட்டவர்களும் நிறையப் பேர். செய்யலாம். ரூட்டர் ரொம்பவே பழசாக இல்லாத வரை ஓரளவு சமாளித்துவிடலாம், ஆனால் அது இருக்கும் இடம்வரை ஒரு கேபிள் இழுக்க நீங்கள் மனசு வைக்க வேண்டும், அங்கேதான் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள்.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அவர்கள் வைத்துவிட்டுப் போன வைஃபை பெட்டி கீழே டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடி அறையில் மகள் படிக்கிறாள், அங்கே சிக்னலே இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்துதான் வகுப்பு கேட்கிறாள். கடையில் எக்ஸ்டெண்டர் வாங்கச் சொல்கிறார்கள். முன்பு கேபிள்காரரிடம் நெட் வாங்கியிருந்தபோது பயன்படுத்திய ரூட்டர் அலமாரியில் இருக்கிறது. அதை மாடியில் வைத்தால் போதுமா? (வாசகி, கும்பகோணம்)

போதும் அம்மா, கேபிளோடு சேர்த்து வைத்தால். எக்ஸ்டெண்டரை இப்போதைக்கு விடுங்கள். அது கீழே இருந்து வருகிற சிக்னலைக் காற்றிலேயே வாங்கி, காற்றிலேயே திருப்பி அனுப்புகிறது. விலை குறைந்த எக்ஸ்டெண்டரில் இரண்டு வேலைக்கும் ஒரே ரேடியோதான், ஒரே சேனல்தான், அதனால் பாதி நேரம் கேட்பதற்கும் பாதி நேரம் பேசுவதற்கும் போய், வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அது போக, சிக்னல் வராத இடத்தில் அதை வைத்தால் திருப்பி அனுப்ப அதனிடமே ஒன்றும் இருக்காது. உங்கள் வீட்டில் நடுவே இருப்பது கான்கிரீட் தளம், உள்ளே கம்பி கட்டியிருப்பார்கள், வைஃபைக்கு அதைவிடப் பெரிய தடை வேறில்லை. அந்தத் தளத்தைத் தாண்ட ஒரு நெட்வொர்க் கேபிள் போதும்.

பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவது என்றால், அது ரூட்டர் வேலையை நிறுத்திவிட்டு வைஃபை பரப்புகிற வேலையை மட்டும் செய்யும்படி மாற்றுவது. முதலில் பின்பக்கத்தில் ரீசெட் என்று எழுதிய சின்ன ஓட்டை அல்லது பொத்தான் இருக்கும், மின்சாரம் போட்டுவிட்டு ஒரு ஊக்கு முனையால் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள், பழைய கேபிள்காரர் போட்ட செட்டிங் எல்லாம் போய்விடும். இன்னும் கீழே இருக்கும் மெயின் பெட்டியோடு இணைக்க வேண்டாம். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் வைஃபை பெயர், கடவுச்சொல், உள்ளே நுழைவதற்கான முகவரி எல்லாம் இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. லேப்டாப்பில் ஒரு சின்ன கேபிள் போட்டுச் செய்தால் நிம்மதி. போனில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இந்த வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பிரவுசரில் அந்த முகவரியை எத்தனை முறை அடித்தாலும் பக்கம் திறக்காது, ரூட்டர் போச்சு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

உள்ளே நுழைந்ததும் ஆப்பரேஷன் மோட் என்றோ வயர்லெஸ் மோட் என்றோ ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதில் ஆக்சஸ் பாயின்ட் என்ற தேர்வு இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், அதைத் தேர்ந்தெடுத்து சேமித்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய மாடல்களில் பெரும்பாலும் இருக்காது, கையால் மூன்று வேலை செய்ய வேண்டும்.

வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதலில். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். அப்புறம் லேன் எனப்படும் வீட்டு நெட்வொர்க் செட்டிங்கில் ரூட்டரின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, மாற்ற வேண்டும், ஏனென்றால் கீழே இருக்கும் பெட்டிக்கும் இதற்கும் ஒரே முகவரி இருந்தால் இரண்டும் மோதும். மெயின் பெட்டியின் முகவரி என்ன என்று தெரிய, வீட்டு வைஃபையில் இருக்கும்போது போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் கேட்வே என்று காட்டும். அது 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.254 என்று கொடுக்கலாம். சில நிறுவனங்களின் பெட்டியில் 192.168.29.1 என்று இருக்கும், அப்போது 192.168.29.254. முதல் மூன்று எண்களும் மெயின் பெட்டியில் உள்ளபடியே இருக்க வேண்டும், கடைசி மட்டும் வேறு. மெயின் பெட்டியின் டிஎச்சிபி பக்கத்தில் (கருவிகளுக்கு முகவரி பங்கு போடுகிற வசதி இது) எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை பங்கு போடுகிறது என்று இருக்கும், அதில் கடைசி எண்ணை 253 ஆக்கிவிட்டால் இந்த 254 வேறு யாருக்கும் போகாது. சேமித்ததும் ரூட்டர் ஒரு முறை அணைந்து எழும், பக்கம் காணாமல் போகும், பயப்பட வேண்டாம், மறுபடி அதன் வைஃபையில் சேர்ந்து புது முகவரியை அடியுங்கள்.

கடைசியாக டிஎச்சிபி சர்வரை அணைப்பது. வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுப்பதுதான் டிஎச்சிபியின் வேலை. கல்யாணப் பந்திக்கு டோக்கன் கொடுக்க வாசலில் இரண்டு பேர் ஆளுக்கொரு கட்டோடு நின்றால் என்ன ஆகும்? ஒரே எண் இரண்டு பேர் கையில் இருக்கும், சிலர் கையில் இருப்பது இந்த மண்டபத்து டோக்கனே இல்லை என்பார்கள். வீட்டில் அதுதான் நடக்கும், ஒரு நேரம் நெட் வரும், ஒரு நேரம் வராது, காரணமே பிடிபடாது. அதனால் பழையதில் கட்டாயம் அணைக்க வேண்டும், ஆனால் கடைசியில்தான் அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்தால் உங்கள் போனுக்கே முகவரி கிடைக்காமல் பக்கத்துக்குள் நுழைய முடியாது, மறுபடி ரீசெட்தான்.

இனி கேபிள். மெயின் பெட்டியின் லேன் போர்ட் ஒன்றிலிருந்து பழைய ரூட்டரின் லேன் போர்ட் ஒன்றுக்கு. நன்றாகப் பாருங்கள், நான்கு போர்ட் ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கும், ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி வேறு நிறத்தில், பெரும்பாலும் நீலத்தில், வான் (WAN) அல்லது இன்டர்நெட் என்று எழுதி இருக்கும். கையால் மாற்றிய ரூட்டரில் அந்தத் தனிப் போர்ட்டைத் தொடவே கூடாது, காலியாக விடுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோட் தனியாக உள்ள மாடல்களில் அந்தப் போர்ட்டும் வேலை செய்யும், அது வேறு.

அவ்வளவுதான். புது ஐபி முகவரியை ஒரு காகிதத்தில் எழுதி ரூட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கடவுச்சொல் மாற்ற நினைக்கும்போது அது இல்லாமல் திண்டாடாத ஆள் கிடையாது.

கேள்வி: நீங்கள் சொல்கிற லேன் போர்ட்டில் போடாமல், என் தம்பி அந்த நீல போர்ட்டில் போட்டுவிட்டான். நெட் நன்றாகத்தான் வருகிறது. மாற்ற வேண்டுமா? (வாசகர், தேனி)

வரும். யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் போகும், குறையே தெரியாது. மாடியில் இருந்துகொண்டு கீழே இருக்கிற பிரிண்டருக்கு ஒரு தாளை அனுப்பிப் பாருங்கள். போனில் இருப்பதைக் கீழே டிவியில் காட்டிப் பாருங்கள். போன் பிரிண்டரையும் கண்டுபிடிக்காது, டிவியையும் கண்டுபிடிக்காது. நீல போர்ட்டில் போட்டால் பழைய ரூட்டர் தனக்குப் பின்னால் ஒரு தனி வீட்டையே கட்டிக்கொள்கிறது, மாடி ஒரு நெட்வொர்க், கீழ் ஒரு நெட்வொர்க், ஒன்றுக்குள் இன்னொன்று. இரட்டை நாட் என்பார்கள். சில ஆன்லைன் விளையாட்டுகளும் சிசிடிவி செயலிகளும் இதில் மக்கர் செய்யும். பிரிண்டரும் டிவியும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் தம்பியைத் திட்டாமல் விட்டுவிடலாம், என்னைக் கேட்டால் மாற்றிவிடுங்கள் என்பேன்.

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்களுக்குப் பழைய செட்டிநாட்டு வீடு. இணைய இணைப்பு முகப்பில் இருக்கிறது. வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கு வந்தாலே சிக்னல் இல்லை, அடுப்படிக்குக் கேட்கவே வேண்டாம். பழைய ரூட்டர்கள் இரண்டு இருக்கின்றன. கேபிள் அவ்வளவு தூரம் இழுக்கலாமா? சுவரில் ஓட்டை போட அப்பா சம்மதிக்க மாட்டார். (வாசகர், காரைக்குடி வட்டாரம்)

அப்பா சொல்வது சரி. அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் இன்று டிரில் வைத்தால் நாளை அதே பளபளப்போடு பூசிக் கொடுக்க ஆள் தேட வேண்டும். அந்த வீடுகளில் சுவரும் தடிமன், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளம் வேறு, ஒரே பெட்டி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கடைசிவரை போகாது. அதே சமயம் உங்கள் வீட்டில் வளவு திறந்த வெளி, அது வைஃபைக்கு நல்லது. பழைய ரூட்டரை ஒரு அறைக்குள் ஒளித்து வைக்காமல் வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில், மழைச் சாரல் படாத மூலையில், ஆள் உயரத்துக்கு மேலே வைத்தால் வளவைப் பார்த்த அறைகள் எல்லாவற்றுக்கும் ஓரளவு கிடைக்கும். இன்னொன்றை அடுப்படிப் பக்கம். இரண்டாவதற்கு 192.168.1.253 மாதிரி வேறு முகவரி கொடுங்கள், மெயின் பெட்டி பங்கு போடுகிற எல்லையையும் 252க்குள் நிறுத்துங்கள். முதல் பழைய ரூட்டரின் காலி லேன் போர்ட்டிலிருந்தே இரண்டாவதற்குக் கேபிள் எடுக்கலாம், முகப்புவரை தனியாக இழுக்க வேண்டியதில்லை.

தூரத்துக்குப் பயப்படாதீர்கள், இந்தக் கேபிளில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 100 மீட்டர் போகலாம், உங்கள் வீடு அதற்குள் அடங்கிவிடும். கேட் 5இ வகைக் கேபிள் வாங்கினால் போதும், கேட் 6 என்றால் கொஞ்சம் தடிமன், மூலைகளில் மடக்கிக் கொண்டுபோவது சிரமம். கவனிக்க வேண்டியது உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பதைத்தான். அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய கேபிள் பாதி விலையில் கிடைக்கிறது, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இழுக்கும்போதே முறிகிறது, தூரம் கூடக் கூடச் சொதப்புகிறது.

ஓட்டை போடாமல் கொண்டுபோக, கதவு நிலைக்கு மேலே உள்ள வென்டிலேட்டர் வழியாகவோ உத்தரத்தை ஒட்டியோ போகலாம், தரையோரமாகப் போக வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டிக்கொள்ளலாம். பழைய வீடுகளில் மின்சார ஒயர் போகிற மரப் பட்டை ஏற்கெனவே இருக்குமே, அதற்குள்ளேயே இதையும் செருகிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 230 வோல்ட் போகிற ஒயரும் இதுவும் ஒரே பட்டையிலோ பைப்பிலோ போகக் கூடாது. சிக்னலில் இரைச்சல் கலக்கிற பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும், ஒயரின் மேலுறை எங்காவது உரிந்து தொட்டுக்கொண்டால் ரூட்டர் மட்டும் போகாது. வெயில் படுகிற இடத்தில் சாதாரண சாம்பல் நிறக் கேபிள் சில வருடத்தில் தோல் வெடித்துவிடும், வெளியில் போடுவதற்கென்று கறுப்பு உறையுடன் தனியாக விற்கிறார்கள்.

தோட்டத்தில் தனியாக ஒரு கட்டடம், மாட்டுக் கொட்டகை, பம்ப் செட் அறை என்று வீட்டைவிட்டு வெளியே செம்புக் கேபிள் இழுக்க நினைக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இடி மின்னல் காலத்தில் அந்தக் கேபிள் வழியாக வருகிற சர்ஜ், அதாவது திடீர் மின் பாய்ச்சல், இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளைச் சுட்டுவிடும். இரண்டு தனிக் கட்டடங்களுக்கு நடுவே ஃபைபரும், அதைச் செம்புக் கேபிளோடு இணைக்க இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டியும் போடுவதுதான் உத்தமம், உலோகம் சேராத ஃபைபரில் மின்சாரம் பாயாது.

கேபிள் முனையில் கிளிப் பொருத்துகிற கிரிம்பிங் வேலை தெரிந்தவர் ஊரில் இல்லை என்றால் நீங்களே செய்யலாம், கஷ்டமில்லை. ஆர்ஜே45 கிளிப்பின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. மிகப் பழைய ரூட்டர்களில் மட்டும் லேனுக்கு லேன் போடும்போது இரண்டு முனையிலும் இழை வரிசை வேறுபடுகிற கிராஸ் கேபிள் கேட்கும், விளக்கு எரியவில்லை என்றால் அதைச் சந்தேகப்படுங்கள். நடுவில் கேபிள் நீளம் போதவில்லை என்று இன்னொரு துண்டோடு முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டுவது மட்டும் கூடாது.

கேள்வி: மாடி ரூட்டருக்கும் கீழ் ரூட்டருக்கும் ஒரே வைஃபை பெயர் வைக்கலாமா, வேறு வேறு வைக்க வேண்டுமா? ஒரே பெயர் வைத்தேன், மாடிக்குப் போன பிறகும் போன் கீழே இருப்பதையே பிடித்துக்கொண்டு தவிக்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை, மூன்றும் சரியாக ஒத்துப்போனால்தான் போன் தானாக மாறும். கீழே டபிள்யூபிஏ3, மேலே டபிள்யூபிஏ2 என்று இருந்தால் சில போன்கள் முரண்டு பிடிக்கும். ஆனால் எப்போது மாறுவது என்று முடிவு செய்வது ரூட்டர் இல்லை, போன்தான். கையில் இருக்கிற சிக்னல் கிட்டத்தட்ட செத்துப்போகிறவரை சில போன்கள் விடவே விடாது. புதிதாக விற்கும் மெஷ் பெட்டிகள், அதாவது ஒரே செட்டாகச் சேர்ந்து இயங்குகிறவை, போனுக்குக் குறிப்புக் காட்டி நகர்த்தும், பழைய ரூட்டரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது, கீழே உள்ள பெட்டியில் டிரான்ஸ்மிட் பவரை, அதாவது சிக்னல் அனுப்பும் பலத்தை, ஒரு படி குறைப்பது. வைஃபை வரவில்லை என்று கேட்டவரிடம் வைஃபையைக் குறைக்கச் சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள். கீழ்ப் பெட்டியின் சிக்னல் மாடிப்படி திரும்புகிற இடத்தோடு நின்றுவிட்டால் போன் வேறு வழியில்லாமல் மேலே உள்ளதைப் பிடிக்கும். சேனலையும் பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை, கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்று எழுதியிருக்கும், நெருக்கமான தெருவில் பக்கத்து வீட்டு வைஃபையோடு சண்டைதான் கூடும்.

இடம்விட்டு நகராத டிவி, கணினி போன்றவற்றுக்கு மாடி ரூட்டரில் காலியாக இருக்கும் லேன் போர்ட்டிலிருந்தே கேபிள் கொடுத்துவிடுங்கள். அந்தப் போர்ட் எல்லாம் ஒரு ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் இரண்டு கேபிள் போட்டால் இரட்டை வேகம் வருமே என்று மெயின் பெட்டிக்கும் மாடி ரூட்டருக்கும் நடுவே இன்னொரு கேபிள் இணைத்துவிடாதீர்கள், சுற்று உண்டாகி வீட்டு நெட் முழுதும் நின்றுவிடும்.

கேள்வி: தொலைபேசி லைனில் பிராட்பேண்ட் வந்த காலத்து மோடம் இன்னும் இருக்கிறது, வைஃபை உண்டு. அதுவும் ஆகுமா? (வாசகர், சேலம்)

பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கிய 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாங்கியதா, அதற்கு வெகுகாலம் கழித்து வாங்கியதா என்பதைப் பொறுத்தது. போன் லைன் செருகுகிற போர்ட்டுக்கு இனி வேலை இல்லை, மற்றபடி லேன் போர்ட்டும் டிஎச்சிபியை அணைக்கும் வசதியும் இருந்தால் அதுவும் ஆக்சஸ் பாயின்ட்தான். அடியில் உள்ள தாளிலோ செட்டிங்கிலோ வைஃபை வகை 802.11என் என்று இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 802.11ஜி மட்டும் என்றால் பெட்டியில் 54 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும், கையில் கிடைப்பது 20 சொச்சம், மெயில் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை மட்டுமே தெரியும் என்கிற பெட்டியாக இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், அந்தப் பூட்டைச் சில நிமிடங்களில் உடைக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, உங்கள் வீட்டு நெட்வொர்க் முழுவதையும் அதற்குப் பின்னால் வைப்பது புத்திசாலித்தனமில்லை.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான். பழைய ரூட்டரை நீங்கள் சொல்கிற மாதிரிதான் மாட்டினேன். மாடியில் 90க்கு மேல் ஏற மறுக்கிறது. யாரை நோவது? (வாசகர், சென்னை வேளச்சேரி)

யாரையும் நோக வேண்டாம். பழைய ரூட்டர்களில் பெரும்பாலானவற்றின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, நடைமுறையில் 94, 95தான் உச்சம். ரூட்டரில் கிகாபிட் போர்ட் இருந்தும் இப்படி வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும், 100க்கு நான்கே போதும், கிரிம்பிங்கில் மீதி நான்கில் ஒரு இழை பற்றாமல் போனாலும் அது சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். வைஃபை பக்கமும் ஒரு முறை பாருங்கள், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள ரூட்டர் என்றால் கேபிள் தங்கத்தில் இருந்தாலும் 90 கிடைப்பதே பெரிசு. 4கே படம் ஒன்றுக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். மாடியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தாலும் உங்கள் 90 தாங்கும், ஸ்பீட் டெஸ்ட் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டால் பிரச்சினை பாதி தீரும்.

கேள்வி: அண்ணா, நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பழைய ரூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். போடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

கற்றுக்கொள்ளப் போடு தம்பி, ஆக்சஸ் பாயின்ட்டுக்காகப் போடாதே. டிஎச்சிபியை அணைக்க உள்ளே இருக்கிற மென்பொருளே போதும். ஆனால் அதன் கதை சுவாரசியமானது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் டபிள்யூஆர்டி54ஜி என்று நீல, கறுப்பு நிறத்தில் ஒரு ரூட்டர் கொண்டுவந்தது. அதற்குள் ஓடியது லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம். லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு மூல நிரலைக் கொடுக்காமல் இருக்கிறீர்களே, ஜிபிஎல் உரிமம் அதற்கு இடம் கொடுக்கவில்லையே என்று புரோகிராமர்கள் பிடித்துக்கொள்ள, 2003இல் நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அந்த நிரலிலிருந்து 2004இல் கிளம்பியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி, பெயரின் பின்பாதி அந்த ரூட்டரிலிருந்து வந்தது.

உன்னிடம் இருப்பது டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் மாதிரி என்றால், அதில் பெரும்பாலும் 4 எம்பி ஃபிளாஷ் (சேமிப்பிடம்), 32 எம்பி ராம் (நினைவகம்) மட்டும்தான் இருக்கும், இன்றைய ஓபன்டபிள்யூஆர்டி அதற்குள் அடங்காது. 19.07 பதிப்போடு அந்த வகைக்கு ஆதரவு நின்றுவிட்டது. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் உள்ள பெட்டி கிடைத்தால் ஜாலியாக விளையாடலாம். எதுவானாலும் ரூட்டரின் மாடல் மட்டும் பார்க்காதே, அடியில் வெர்ஷன் என்று ஒரு எண் இருக்கும், ஒரே மாடலில் வெர்ஷனுக்கு வெர்ஷன் உள்ளே இருக்கிற சிப்பே வேறு. தப்பான கோப்பைப் போட்டால் பெட்டி செங்கல்லாகிவிடும்.

கேள்வி: பழைய ரூட்டருக்கு அப்டேட் வந்தே பல வருடம் ஆகிறது. ஆபத்து இல்லையா? இன்னொன்று, மாடியில் குடியிருப்பவர்களுக்கும் இதே நெட்டைப் பகிர்ந்து கொடுக்க நினைக்கிறோம். (வாசகி, மதுரை)

ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரூட்டர்களிலும் அதைச் சேர்ந்த கருவிகளிலும் புகுந்தது, எல்லோரும் ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே கேட்டுக்கொண்டது. அதில் பெரும்பாலும் மாட்டியவை இணையத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்ற பெட்டிகள். உங்கள் பழைய ரூட்டர் மெயின் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது, வெளியிலிருந்து யாரும் நேராக அதன் கதவைத் தட்ட முடியாது. இருந்தாலும் உள்ளே நுழைகிற கடவுச்சொல்லை அட்மின், அட்மின் என்றே விட்டுவைக்காதீர்கள், கடவுச்சொல் அடிக்காமலே வைஃபையில் சேர டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் வசதி இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். கடைசியாக வந்த ஃபர்ம்வேர், அதாவது ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள், எதுவோ அதைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள், வேறு தளத்திலிருந்து வேண்டாம்.

குடியிருப்பவர் விஷயம் வேறு. இப்படி மாட்டிய ஆக்சஸ் பாயின்ட்டில் சேருகிற எல்லோரும் உங்கள் வீட்டு நெட்வொர்க்கில்தான் இருக்கிறார்கள், உங்கள் டிவி, பிரிண்டர், கேமரா எல்லாம் அவர்கள் போனுக்குத் தெரியும். பழைய ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வைத்தால் பிரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், ஆக்சஸ் பாயின்ட் ஆன பிறகு பல மாடல்களில் அது பெயருக்குத்தான் கெஸ்ட். சரி, மேலே தேனி வாசகரின் தம்பி செய்த மாதிரி நீல போர்ட்டில் போட்டால் பிரியுமே என்றால், பிரியும், ஆனால் தலைகீழாக. அவர்கள் வீட்டை நீங்கள் பார்க்க முடியாது, ஆனால் அவர்கள் போன் தானாகக் கண்டுபிடிக்காவிட்டாலும், ஐபி முகவரியை அடித்தால் உங்கள் வீட்டுக் கருவிகளை அவர்கள் எட்டலாம். மெயின் பெட்டியின் கெஸ்ட் வைஃபை மேலே எட்டினால் அதைக் கொடுங்கள். எட்டாவிட்டால் அவர்களையே தனி இணைப்பு வாங்கச் சொல்லிவிடலாம், என் யோசனை அதுதான். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, அதில் யார் என்ன செய்தாலும் முதலில் உங்கள் வாசலில்தான் வந்து கேட்பார்கள்.

கேள்வி: ரூட்டர் இருக்கிறது, அடாப்டர் தொலைந்துவிட்டது. வேறு ஏதாவது போடலாமா? இரவும் பகலும் ஓடினால் கரண்ட் பில் ஏறாதா? (வாசகர், தஞ்சாவூர்)

ரூட்டரின் அடியில் 9 வோல்ட் 0.6 ஆம்பியர், 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று ஏதாவது எழுதியிருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக் கூடாது. முனையில் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று சின்னப் படம் போட்டிருப்பார்கள், அதையும் ஒப்பிடுங்கள். பழைய அடாப்டரே இருந்து, ரூட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழுகிறது என்றால் ரூட்டரைக் குறை சொல்லுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான் முதலில் போகும்.

கரண்ட்? 5 வாட் இழுக்கிறது என்று வைத்தால் மாதத்துக்கு 3.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் ஏழு சொச்சம். கீழே மெயின் பெட்டிக்கு இன்வெர்ட்டர் கொடுத்திருந்தால் மாடிக்கும் அதே லைனிலிருந்து கொடுங்கள், இல்லையென்றால் கரண்ட் போகும்போது மறுபடி படிக்கட்டுதான்.

கேள்வி: எல்லாம் பார்த்துவிட்டேன், என் ரூட்டர் ஆகாது போலிருக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போடலாமா? (வாசகர், விழுப்புரம்)

மின் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள், மாவட்டத் தலைநகரில் விசாரித்தால் தெரியும். எங்கே கொடுத்தாலும் முதலில் அந்த ரீசெட் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திவிட்டுக் கொடுங்கள், உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் பழைய இணைய இணைப்பின் யூசர் நேமும் அதற்குள் அப்படியே இருக்கும். அடாப்டர் நன்றாக இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு, தஞ்சாவூர் வாசகரைப் போல யாராவது தேடும்போது கொடுங்கள்.